நிலாவை யார் பிடிப்பது

நிலாவுக்கு எட்டு வயது. பேச்சு வராது. கையும் கழுத்தும் அவள் நினைத்தபடி அசையாது. பிறக்கும்போதே மூளைக்குக் காற்று போதாமல் போனதால் வந்தது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் முழுக்க அவள் வாயில் வைத்த சோற்றைத் துப்பினாள். தன் வலது கன்னத்தைத் தானே அறைந்துகொண்டாள். பல்வலிதான் என்று கயல் கண்டுபிடித்தாள். மகளுக்கு எங்கே வலிக்கிறது என்று எப்போதும் அவள்தான் கண்டுபிடிப்பாள்.

மதிவாணன் தேனாம்பேட்டையில் ஏசி மெக்கானிக். மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நாளில் இருவரையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, பின்னாலேயே பைக்கில் வருவான். வந்து வாசலோடு நின்றுவிடுவான். ஊசியும் அழுகையும் உள்ளே கயலின் பாடு. அவள் அதைக் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு அடையாறில் பல் கிளினிக்கின் மாடிப்படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

“நீயும் உள்ள வா.”

“நான் இன்னாத்துக்கு?”

“வான்னா வா.”

டாக்டர் ஆஃப்ரீன் நிதானமானவர். நிலா வாயைத் திறக்கும்வரை காத்திருந்து, சின்ன டார்ச் அடித்துப் பார்த்தார். “கடைவாய்ப் பல்லுல சீழ் இருக்கு. வேர் வரைக்கும் போயிருக்கா, கீழ வர்ற புதுப் பல்லைத் தொட்டிருக்கான்னு எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும். படம் இல்லாம நான் கை வைக்க மாட்டேன்.”

“அது கொயந்தைக்கு ஆவாதுன்னு சொல்றாங்களே டாக்டர்?” என்றான் மதிவாணன்.

“தேவையில்லாம எடுத்தா ஆகாதுதான். அதனாலதான் ஒரே ஒரு சின்னப் படம். கதிர் படாம கழுத்துக்கு ஈயப் பட்டை கட்டிடுவோம். தலை ஆடாம யாராவது பிடிச்சுக்கணும்.”

உதவிக்கு நின்ற ஜானுவை அவன் பார்த்தான். “இந்தக்கா புடிக்கட்டுமே. பழக்கம் இருக்கும்ல?”

“அவங்க கூடாது. தினமும் ஒரு பிள்ளையைப் பிடிச்சாங்கன்னா, அந்தக் கதிர் வருஷம் பூராவும் அவங்க உடம்புல சேர்ந்துக்கிட்டே போகும். வீட்டு ஆள் ஒருத்தர் எப்பவோ ஒரு தடவை பிடிக்கிறது வேற.”

பிடிப்பவர் மேல் கதிர் படாமல் தடுக்கும் ஈயக் கவசத்தை ஜானு எடுத்து வந்து, வழக்கம்போல அம்மாக்காரியிடமே நீட்டினாள். கயல் கையில் வாங்கிக்கொண்டாள்.

“கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்காம்மா?” என்று டாக்டர் கேட்டார். எல்லாப் பெண்களிடமும் கேட்கிற கேள்விதான்.

கயல் மதிவாணன் பக்கம் திரும்பினாள். கவசத்தைப் புருஷன் கையில் வைத்தாள். “இன்னிக்கு நீ புடி,” என்றாள். முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

மதிவாணனுக்குப் புரிந்துவிட்டது. நிலா பிறந்த வருடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் அவன் சொன்னது நினைவுக்கு வந்தது: “இன்னொண்ணு வேணாம். இதுவே போதும்டா சாமி.” அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததே இல்லை.

ஜானு கவசத்தை மாட்டிவிட்டாள். தோளை அழுத்தியது. “விரல் வாய்க்குள்ள போக வேணாம் சார். இந்தப் பிளாஸ்டிக் பிடியை மட்டும் பிடிச்சுக்குங்க,” என்று காட்டிக்கொடுத்தாள். பிடியின் முனையில் தபால்தலை அளவுக்குப் படம் விழும் தகடு; அதை நிலாவின் பல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். டாக்டரும் ஜானுவும் சுவருக்கு அப்பால் போனார்கள். ஒரு கையில் பிடி, மறு கை நிலாவின் தலையில். அவள் மிரண்டு உதறினாள். படம் கலங்கிப் போய்விட்டது.

“இன்னும் ஒரு தடவைதான்,” என்றார் டாக்டர். “அதுவும் சரியா வரலைன்னா இன்னிக்கு விட்டுடுவோம். திரும்பத் திரும்ப எடுக்க மாட்டேன்.”

கதவிடுக்கில் கயலின் தலை தெரிந்தது. “பின்னந்தலையில உள்ளங்கைய வை. அமுக்காத. உன் வண்டி ஸ்டார்ட் ஆவற மாதிரி சத்தம் குடு.”

“இன்னாது?”

“சாயங்காலம் அந்தச் சத்தம் கேட்டாத்தான் அவ அழுகைய நிறுத்துவா. உனுக்குத் தெரியாது.”

கதவு மூடியது. அவனுக்குத் தெரியாதுதான். வீட்டுக்குள் அவன் நுழையும்போது நிலா எப்போதும் அமைதியாகத்தான் இருப்பாள். நாள் முழுக்க அப்படித்தான் என்று நினைத்திருந்தான். குனிந்து அவள் காதருகே தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய பைக் உறுமுவதுபோல உறுமினான். நிலாவின் கண் அவனைத் தேடி வந்து நின்றது. கழுத்து இளகியது. எந்திரம் ஒரு தரம் கிறீச்சிட்டது.

படம் தெளிவாக விழுந்திருந்தது. கெட்டது பால்பல்தான்; அடியில் புதுப் பல் பழுதில்லாமல் காத்திருந்தது. மருந்து எழுதிக் கொடுத்து, வீக்கம் வடிந்ததும் வந்தால் பல்லை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

கீழே மருந்துக்கடை வாசல் படியில் கயல் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ரோட்டில் பஸ்கள் ஹாரனை அடித்துக்கொண்டு போயின.

“என்னாண்ட சொல்லணும்னு தோணலியா?” என்றான்.

“தோணிச்சு. நீ வேணாம்னு சொல்லிட்டா நான் இன்னா பண்ணுவேன்? அதான் சொல்லல.”

“அப்ப இன்னிக்கு மட்டும் இன்னாத்துக்கு உள்ள கூப்ட்ட?”

“எக்ஸ்ரே எடுப்பாங்கன்னு தெரியும். நான் புடிக்க முடியாதே.”

அவன் மாடியை அண்ணாந்து பார்த்தான். பிறகு விறுவிறுவென்று மாடியேறினான். கோபித்துக்கொண்டு போகிறான் என்று கயல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேலே டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். “டாக்டர், என் சம்சாரம் கதவாண்டதான் நின்னுகினு இருந்துச்சு. வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?”

“ஆகாது. கதவைச் சாத்தி அவங்க தள்ளிப் போனப்புறம்தான் பட்டனை அழுத்தினேன். நடுவுல சுவரும் இருக்கு. பயப்படாதீங்க. எத்தனை மாசம்?”

மதிவாணன் விழித்தான். “தெரியாது டாக்டர். கேட்டுகினு வரேன்.”

இரண்டிரண்டு படியாக இறங்கி, மூச்சு வாங்க அவள் முன்னால் வந்து நின்றான்.

“எத்தினி மாசம்னு டாக்டர் கேக்குறாங்க.”

கயல் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “டாக்டர் கேக்குறாங்களா, நீ கேக்குறியா?”

“நான்தான் கேக்குறேன்.”

“மூணு முடியப் போவுது,” என்றாள்.

அவன் படியில் அவளருகே உட்கார்ந்தான். அவளுக்குக் கை வலிக்கும் என்று நிலாவைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டான்.