அடைப்புக்குறிக்குள் ஒரு கதவின் எடை

நவம்பர் மூன்றாம் செவ்வாய், மாலை நான்கு மணி, ஆலயத்தின் கீழ்த்தளக் கூடம். வந்திருந்தவர்கள்: கட்டடக் குழுத் தலைவர் டுவேன், வழக்கம்போல காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில். பாஸ்டர் இங்க்ரிட், அவருக்கு எதிரே. மார்லிஸ், இரண்டு நாற்காலிகளில். ஒன்றில் அவள், மற்றொன்றில் கட்டுப் போட்ட வலது கால். மைலோ, மேசையின் கடைசியில், கோட்டைக் கழற்றாமல். செயலாளராகிய நான், லோர்னா, எல்லோர் முகமும் தெரிகிற இடத்தில். வராதவர் எவருமில்லை. மைலோவுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்தபடி, கதவு.

அந்தக் கதவு வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். மைலோவின் பழைய மாட்டுக் கொட்டகை மார்ச் மாதப் பனியின் பாரத்தில் இடிந்து விழுந்தது. ஓக் மரக் கதவு ஒன்று மட்டும் முழுசாகத் தப்பியது. அவன் மனைவி ஆர்டிஸ் இறந்து அப்போது ஐந்து மாதம். "அவ நெனவா சர்ச்சுல இருக்கட்டும்" என்று கொடுத்தான். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த பழைய கதவு, தட்டோடு வருகிறவர்களின் முழங்கையை இடித்து, ஜெபத்தின் நடுவில் படாரென்று சாத்திக்கொள்ளும். அதை எடுத்துவிட்டு, மைலோவின் கதவை ஓர் இரும்புத் தண்டவாளத்தில் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் தள்ளும்படி வைக்கலாம் என்று ஏப்ரலில் முடிவானது. சத்தமே கூடாது, சாஃப்ட் க்ளோஸ்தான் வேண்டும் என்றார் பாஸ்டர். அதாவது, கதவு முனைக்கு வருவதற்கு ஒரு சாண் முன்பே ஒரு சிறு பொறி அதைப் பற்றி, வேகத்தைத் தணித்து, மெல்ல இழுத்துப்போய் நிறுத்தும்.

தண்டவாளமும் சக்கரமும் பொறியும் வாங்கும் பொறுப்பு என்னுடையது. மூன்று கடைகளுக்கு எழுதினேன். மூன்றிலிருந்தும் ஒரே கேள்விதான் திரும்பி வந்தது: கதவு என்ன எடை? இருநூறு பவுண்டு வரை தாங்குவது ஒரு வகை, நானூறு வரை தாங்குவது இன்னொன்று. நானூறு வகையின் சக்கரங்கள் வண்டிச் சக்கரம் போல அசிங்கமாக இருந்தன. இருநூறு வகை படத்தில் பார்க்கவே நறுவிசாக இருந்தது.

மைலோவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா? எங்கள் சபையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால் அவன், "கனம்னா வேணாம், விட்டுடுங்க" என்று கதவைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போயிருப்பான். இறந்த மனைவியின் பெயரில் கொடுத்ததை.

மே மாதக் கூட்டத்துக்கு மைலோ வரவில்லை, விதைப்புக் காலம்.

"எடை கேட்டாச்சா, லோர்னா?" என்றார் டுவேன்.

"கேட்டாச்சு" என்றேன். வருகிற ஞாயிறு கேட்டுவிடலாம் என்ற எண்ணத்தில் சொன்னது. என் படுக்கையறைக் கதவு அறுபது பவுண்டு. இது அதைப்போல மூன்று பங்கு இருக்கும் என்று அந்த இடத்திலேயே கணக்குப் போட்டுக் குறிப்பேட்டில் எழுதினேன்: கதவின் எடை நூற்றெண்பது பவுண்டு (மைலோ தெரிவித்தபடி). ஞாயிறுகள் வந்தன, போயின. நான் கேட்கவில்லை.

ஜூனில் மைலோவே மாட்டினான். சுவருக்குள் மரச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று தட்டித் தட்டிக் கண்டுபிடித்து, ரசமட்டம் வைத்து, ஒவ்வொரு துளையையும் இரண்டு முறை அளந்து போட்டான். நான்கு பேர் தூக்கினார்கள்.

"கொஞ்சம் கனமாத்தான் இருக்கு" என்றான் மூச்சிரைக்க. பிறகு என்னைப் பார்த்து, "இது தாங்குமா?"

"எடை பாத்துத்தான் வாங்கினது, மைலோ."

அவன் தலையாட்டினான். கதவு தானாக நழுவிப் போய்ச் சத்தமில்லாமல் நின்றது. ஆளாளுக்குத் திறந்து மூடிப் பார்த்தோம். மைலோ மட்டும் பலகையை ஒருமுறை தடவிவிட்டுக் கருவிப் பெட்டியை மூடினான்.

ஆகஸ்டிலேயே பொறி தளர்ந்துபோனது. கதவு முனையில் போய் 'டொக்' என்று இடிக்கும். "பொறிக்கும் நம்ம வயசாயிடுச்சு" என்றார் டுவேன். எல்லோரும் சிரித்தோம், எவரும் கழற்றிப் பார்க்கவில்லை. இடித்து இடித்து, தண்டவாளத்தின் முனையில் சக்கரத்தை நிறுத்தும் தடுப்பின் மரை கழன்றது. அக்டோபரில் ஓர் அடக்கத்துக்குப் பிந்தைய மதிய உணவின்போது மார்லிஸ் ஒரு கையில் ஹாம் இறைச்சித் தட்டோடு கதவை இழுத்தாள். சக்கரம் தண்டவாளத்தை விட்டு வெளியே ஓடியது. கதவின் மூலை அவள் பாதத்தில் இறங்கியது. இரண்டு விரல்கள் ஒடிந்தன. தரையில் கிடந்தபடி அவள் கேட்ட முதல் கேள்வி: "ஹாம் கொட்டிடுச்சா?"

இனி அந்தச் செவ்வாய்க்கு வருகிறேன்.

டுவேன் தொண்டையைக் கனைத்தார். "தப்பு யாரோடதுன்னு தேட வரல. சும்மா, குறிப்புக்காக. கதவைத் தானியக் கிடங்குத் தராசுல போட்டேன். எறநூத்தி எண்பத்தேழு பவுண்டு. வாங்கினது எறநூறு தாங்கறது."

"என் கால்விரலுக்குக் குறிப்பெல்லாம் வேணாம், காப்பி ஊத்துங்க போதும்" என்றாள் மார்லிஸ்.

"மே மாசம் என்ன எழுதியிருக்குன்னு படி, லோர்னா" என்றார் டுவேன்.

படித்தேன். அடைப்புக்குறிக்கு முன்னால் நிறுத்தியிருக்கலாம். பத்தொன்பது வருடமாக எழுதியதை எழுதியபடி படித்த வாய், அதையும் படித்து முடித்தது.

மைலோ தொப்பியைக் கழற்றினான். "நானா சொன்னேன்?"

டுவேன் காப்பிப் பாத்திரத்தின் மூடியைச் சரிசெய்தார்.

"எனக்கு ஞாபகமே இல்லையே." என்னைப் பார்த்தான். நான் பேனாவைப் பார்த்தேன். "ஆனா நீ எழுதியிருந்தா சொல்லியிருப்பேன். நீ ஒரு வார்த்தை தப்பா எழுதி நான் பாத்ததில்ல."

"விடு மைலோ" என்றாள் மார்லிஸ். "நேத்து என் கார்ச் சாவி ஃப்ரிட்ஜுல இருந்துச்சு. முட்டைக்குப் பக்கத்துல."

எல்லோரும் சிரித்தார்கள். மைலோ சிரிக்கவில்லை. அவன் அண்ணன் ஆரின் கடைசியில் தன் பெயரையே மறந்து செத்தவன். நான்கு வருடம் ஞாயிறுதோறும் முதியோர் இல்லத்துக்குப் போய் அவனுக்கு ஊட்டிவிட்டவன் மைலோ. அது அந்த மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

குளிர்காலத்தில் ஆலயத்தைச் சூடாக்கும் பாய்லரைக் கவனித்துவந்தவன் அவன்தான். ஆலயச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். "பாய்லரை வேற யாராவது பாத்துக்கட்டும். நான் எதையாவது மறந்து வெச்சேன்னா கட்டடமே போயிடும்."

வியாழக்கிழமை, வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டிய லெஃப்ஸா ரொட்டி ஒரு தட்டு எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சமையலறை முழுக்கத் துண்டுக் காகிதங்கள் ஒட்டியிருந்தன. அடுப்புக்கு மேலே 'அணை'. பின்கதவில் 'பூட்டு'. மாத்திரை டப்பாவில் 'சாப்பிட்டாயிற்றா?'

"பாத்தியா, உன்னை மாதிரி நானும் எழுத ஆரம்பிச்சுட்டேன்" என்றான். காப்பி ஊற்றினான். "திங்கக்கெழமை பக்கத்துப் பண்ணை ஹால்வர்சன் வர்றான். நெலம் பூராவையும் அவனுக்குக் குத்தகைக்கு விட்டுடறேன். பத்து வருஷத்துக்கு."

"எதுக்கு இவ்ளோ அவசரம்?"

"புத்தி இருக்கும்போதே கையெழுத்துப் போடணும், லோர்னா. ஆரின் போடல. பொறவு நாங்க பட்ட பாடு உனக்குத் தெரியும்." ஒரு லெஃப்ஸாவை எடுத்தான். "நல்லாயிருக்கு."

எங்கள் பக்கத்தில் விடைபெறுவதற்கே அரை மணி ஆகும். சமையலறையில் ஒருமுறை, வாசற்படியில் ஒருமுறை, கார்க் கண்ணாடியை இறக்கி ஒருமுறை. மூன்று இடத்திலும் வாயைத் திறந்தேன். மூன்றாவது முறை அவன் காரின் கூரையைத் தட்டி, "மான் குறுக்க வரும், பாத்துப் போ" என்றான். போனேன்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் அவன் 'பரவால்ல, பரவால்ல' என்று என்னை விடுவித்துவிடுவான். எனக்கும் அதுதான் தேவையாக இருந்தது. அதனால் தொலைபேசி வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் எழுத உட்கார்ந்தேன். முதல் தாளில் 'ஒரு தவறு நேர்ந்துவிட்டது' என்று தொடங்கியிருந்தேன். நேரவில்லை, நான் செய்தேன். கிழித்தேன். இரண்டாவதில் விதைப்புக் காலம், சக்கரத்தின் அழகு, ஆர்டிஸ் எல்லாம் வந்துவிட்டன. அதையும் கிழித்தேன். மூன்றாவது இது:

'மைலோ, கதவின் எடையை நீ என்னிடம் சொல்லவே இல்லை. நான் உன்னைக் கேட்கவே இல்லை. நூற்றெண்பது என்பது நான் ஊகித்த எண். அதற்கு உன் பெயரைப் போட்டது நான். செவ்வாயன்று நீ என்னைப் பார்த்தபோதும் வாய் திறக்கவில்லை. மாட்டிய அன்று, இது தாங்குமா என்று கேட்டாய். அது உனக்கு நினைவிருக்கும். நடக்காதது மட்டும்தான் உனக்கு நினைவில்லை. திங்கட்கிழமை கையெழுத்துப் போடாதே. இதன் நகல் டுவேனுக்கும் பாஸ்டருக்கும் மார்லிஸுக்கும் போகிறது. அடுத்த கூட்டத்தில் இதை நானே படிக்கிறேன். லோர்னா.'

மன்னிப்பு என்ற சொல்லை எங்கே வைப்பது என்று காப்பி ஆறும்வரை பார்த்தேன். எங்கே வைத்தாலும் அது அவனிடம் எதையோ கேட்பதுபோல் இருந்தது. விட்டுவிட்டேன்.

மூன்று நகல்கள் எழுதினேன். நான்கு உறைகளையும் நாக்கால் நனைத்து ஒட்டி, தபால்தலை ஒட்டினேன். இன்று போட்டால் நாளை கிடைக்கும். திங்களுக்கு ஒரு நாள் மிச்சம். என் வீட்டுச் சாலையோரத் தபால் பெட்டியில் வைத்து, எடுத்துப்போகக் கடிதம் இருக்கிறது என்று தபால்காரிக்குக் காட்டும் அதன் சிவப்புக் கொடியைத் தூக்கி நிறுத்திவிட்டு வந்தேன்.

தபால்காரி பதினோரு மணிக்கு வருவாள். அதுவரை சமையலறை ஜன்னலருகே கோட்டைக் கழற்றாமல் நின்றேன். ஒருமுறை வாசற்படிவரை போய்த் திரும்பினேன். பதினொன்று ஐந்துக்கு அவள் கார் நின்றது. கையை நீட்டி உறைகளை எடுத்தாள், கொடியைச் சாய்த்தாள், கிளம்பினாள்.