சரோனின் பச்சை அட்டை

அறுபது என்றால் அறுபது தலை இருக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் அதுதான் சட்டம். எடை பார்க்கிற நாளோ, ஊசி போடுகிற நாளோ, கொழும்பிலிருந்து யாராவது வந்து படம் பிடிக்கிற நாளோ, பட்டியலில் உள்ள எண்ணிக்கைக்குப் பிள்ளைகள் நிற்காவிட்டால் ஏச்சு எனக்குத்தான் விழும். அதனால் வராத பிள்ளைக்குப் பதிலாக, வந்த பிள்ளை ஒன்றை இரண்டு தரம் நிறுத்திவிடுவோம். ஒப்புக்குச் சப்பாணி. பதினேழு வருசமாக நான் அப்படித்தான் செய்தேன். எனக்கு முன்னால் இருந்தவளும் அப்படித்தான் செய்தாள். அதனால் யாரும் செத்துப்போகவில்லை என்று சொல்லிக்கொள்வோம்.

என் பெயர் கலைச்செல்வி. கரவனெல்லைக்கு மேலே ஒரு இறப்பர் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறேன். தாய்மார் இறப்பர்ப் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். பள்ளிக்கூடம் போகிற சின்னதுகளும் மத்தியானத்துக்கு மேல் என்னிடம்தான் வந்து சேரும். எனக்குத் தமிழும் சிங்களமும் எழுதப் படிக்கத் தெரியும். இங்கிலீசைத் தட்டுத்தடுமாறி வாசித்துவிடுவேன். அந்தப் படிப்பே எனக்கு வினையாக வந்தது.

2008 தை மாதம் றம்ஸியா என்ற பெண் வேனில் வந்து இறங்கினாள். சத்துணவு தயாரிக்கிற ஒரு கம்பெனியில் வேலை. சின்ன வயது, நல்ல பிள்ளை, பேச்சில் அகம்பாவம் இல்லை.

"ஒரு ஆளுக்குப் பால் ஒத்துவரும், இன்னொரு ஆளுக்கு வராது. அது பொறக்கக்குள்ளயே உடம்புல எழுதியிருக்கு டீச்சர். கன்னத்துக்குள்ள பஞ்சுக்குச்சியால ரெண்டு தேய் தேய்ச்சா அத வாசிச்சிடலாம்" என்றாள்.

வெளிநாட்டில் பணக்காரர்கள் காசு கொடுத்து இதைச் செய்துகொள்கிறார்களாம். யாருக்கு எந்தச் சாப்பாடு என்று அட்டை எழுதிக் கொடுப்பார்களாம். நாளைக்குக் கடையில் பிஸ்கட்டும் பால்மாவும்கூட ஆளுக்கேற்ற மாதிரி வருமாம். அதற்கு முன்னால் எங்கள் பிள்ளைகள் அறுபது பேருக்குச் சும்மா செய்து பார்க்கப்போகிறார்கள். பட்டியலில் உள்ள பிள்ளைக்கு ஆறு மாதம் சத்துணவுப் பொட்டலம் உண்டு.

குச்சி தேய்க்கிற நாளில் ஐம்பத்தொன்பது பிள்ளைகள்தான் நின்றார்கள். வராதவள் சரோன். எட்வினுக்கும் விஜயகலாவுக்கும் மூத்த மகள், ஆறு வயது. ஆனால் நாலு வயதுத் தம்பி அவளைவிட உயரம். குச்சிக் கையும் ஊதின வயிறுமாக இருப்பாள். ஓயாத வயிற்றுப்போக்கு. பூச்சி மருந்து, இரும்புச்சத்துப் பாணி என்று எல்லாம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. அன்றைக்கும் விஜயகலா அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருந்தாள்.

தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் ராமச்சந்திரன் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "அறுபதாக்கிரு கலை, தொரை பாத்துக்கிட்டு இருக்காரு" என்றார்.

பயந்து மட்டும் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். சரோன் பெயர் விட்டுப்போனால் அவளுக்குப் பொட்டலம் கிடைக்காது. அறுபது பேரில் அந்தப் பொட்டலம் யாருக்காவது வேண்டுமென்றால் அது அவளுக்குத்தான். அதையும் நினைத்தேன். றம்ஸியா அந்தப் பக்கம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது இருளப்பன் மகள் நிரோஷாவை மறுபடி கூப்பிட்டு, "வாயத் தொறடி" என்றேன். நிரோஷா கல்லைத் தின்றாலும் செரித்துவிடுகிற பிள்ளை. அவள் கன்னத்தில் தேய்த்த குச்சியைக் குழாயில் போட்டு மேலே சரோன் என்று எழுதினேன். எச்சில்தானே, யாருடையதாக இருந்தால் என்ன என்பது என் எண்ணம்.

பிறகு நான் அதை மறந்தே போனேன். மறக்காமல் இருக்க எனக்கு வேறு வேலை இல்லையா என்ன?

சித்திரையில் எட்வினின் அக்கா வீட்டுக்குக் கேகாலைக்குப் போன விஜயகலா பத்து நாள் கழித்து முகம் மலர்ந்து வந்தாள். அந்த வீட்டில் மூன்று வேளையும் சோறுதான். அந்தப் பத்து நாளும் சரோனுக்கு வயிறு போகவில்லை. திரும்பி வந்து காலையில் கோதுமை மா ரொட்டியைக் கொடுத்ததும், சாயங்காலமே பழையபடி ஆரம்பித்துவிட்டது.

"மாவுதான் அக்கா இதுக்கு எமன். எனக்கு நல்லாத் தெரியுது" என்றாள்.

ரொட்டி இல்லாமல் லயத்து வீட்டில் ஒரு நாளை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அவள் பட்ட பாடு புரியும். விடியுமுன்னே எழுந்து மரவள்ளியோ ஈரப்பலாவோ அவித்து மகளுக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு பால் வெட்ட ஓடுவாள். மற்றவர்கள் ரொட்டி தின்னும்போது அந்தப் பிள்ளை அழும். எட்வின் எரிந்து விழுவான். பக்கத்து வீட்டுக்காரிகள், ஊரில் இல்லாத பிள்ளையைப் பெற்றிருக்கிறாள் என்று கேலி பேசினார்கள். அவள் விடவில்லை. ஆனி மாதம் நான் தராசில் நிறுத்தியபோது சரோன் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தாள். அந்தப் பிள்ளை ஓடுவதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அடுத்த வாரம் அட்டைகள் வந்தன.

ஆளுக்கொரு அட்டை. சாப்பிடக்கூடியது பச்சை, யோசித்துச் சாப்பிட வேண்டியது மஞ்சள், தொடக்கூடாதது சிவப்பு. எல்லாம் இங்கிலீசில். லயத்தில் அதற்கு எச்சில் சாதகம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பச்சையில் ஒலிவ் எண்ணெய் என்று இருந்ததை நான் வாசித்தபோது எட்வின், "ஒலிவ மலைய வேதத்துல கேட்டிருக்கேன் அக்கா. எண்ணெ எந்தக் கடையில விக்கிறாங்க?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். றம்ஸியாவும் சிரித்தாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

சிரிப்பு அடங்கியதும் அவள் இரண்டு அட்டைகளைக் கையில் எடுத்தாள். "டீச்சர், கம்பியூட்டர் இந்த ரெண்டு பிள்ளைகளையும் இரட்டைப் பிள்ளைங்க எண்டு சொல்லுது. சரோன், நிரோஷா. அப்பிடியா?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும். கிளாக்கர் என்னைப் பார்த்தார். வாசலில் மேனேஜர் தொரையின் ஜீப் நின்றது. "சொந்தக்காரப் புள்ளைங்க" என்றேன்.

"சொந்தம் எண்டாலும் இவ்வளவு பொருந்தாதே" என்று அவள் இழுத்தாள்.

"தோட்டத்துல எல்லாரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மிஸ்" என்று கிளாக்கர் சிரித்தார். அவள் எதையோ குறித்துக்கொண்டாள். விசயம் அதோடு முடிந்தது.

விஜயகலா முன்னால் வந்தாள். "மிஸ், இவளுக்கு மாவு ஒத்துக்காதுன்னு நான் நிப்பாட்டிட்டேன்."

றம்ஸியா அட்டையைப் பார்த்தாள். "மாவால வார வயித்து வருத்தம் ஒண்டு இரிக்கி. ஆனா அதுக்கான கூறு இவட உடம்புல இல்லியே. கூறு இருந்தாக்கூட வருத்தம் வரும் எண்டு உறுதியாச் சொல்லேலாது. இல்லாட்டிப் பயப்படத் தேவையே இல்ல. தைரியமாக் குடுங்க."

அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. நிரோஷாவைப் பற்றி அத்தனையும் சரி.

விஜயகலாவுக்கு மனம் ஆறவில்லை. அட்டையை என்னிடம் நீட்டினாள். "அக்கா, நீங்க ஒருக்கா வாசிங்க."

நான் வாசித்தேன். "கோதுமை. தாராளமாகச் சாப்பிடலாம்." என் குரல் நடுங்கக்கூட இல்லை.

அன்றைக்கே பொட்டலங்களும் வந்தன. பச்சைக்காரர்களுக்கு மா பிஸ்கட். சரோனுக்குரியதை என் கையாலேயே கொடுத்தேன். அவள் முகத்தில் வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. பாவம், இரண்டு மாதமாக அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை.

அன்றிரவு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விஜயகலா நினைத்தது தற்செயலாக இருக்கலாம். மாவைத் தின்று யாருக்கு என்ன வந்தது? ஊரே தின்கிறது. வேலை போனால் எனக்கு வேறு எது இருக்கிறது? நமக்கேன் வம்பு.

இரண்டாம் வாரம் சரோனுக்கு வயிறு போக ஆரம்பித்தது. விஜயகலா மறுபடி ரொட்டியை நிறுத்தப் பார்த்தாள். எட்வின் விடவில்லை. "பெரிய படிப்புப் படிச்சவங்க எச்சிலப் பாத்துச் சொல்லிட்டாங்க. நீ கண்டதையும் அவிச்சுக் குடுத்துத்தான் புள்ளைக்கு ரொட்டி தின்ற பழக்கம் விட்டுப்போச்சு" என்று சத்தம் போட்டான். ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்தார்கள். டாக்டர் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தபோது விஜயகலா மாவு என்று சொன்னாளாம். கையோடு அட்டையையும் காட்டினாளாம். அவர் அதை வாசித்துவிட்டு, அப்படியென்றால் மாவு இல்லை என்று வேறு மருந்து எழுதியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

ஆவணியில் தராசு காட்டியது பதினொரு கிலோ. கூடின ஒன்றரையும் போய், அதற்கு மேலும் ஒரு கிலோ போயிருந்தது. தராசிலிருந்து தூக்கியபோது அந்தப் பிள்ளையின் விலா எலும்பு என் விரல்களுக்குள் தட்டுப்பட்டது. இது செத்துப்போகும், நான்தான் கொன்றவள் என்று அப்போது நினைத்தேன். அன்றைக்கே றம்ஸியாவுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அப்ப அது அந்தப் பிள்ளைட கார்ட் இல்ல டீச்சர்" என்றாள். குரல் மாறியிருந்தது. "நானும் விட்டுட்டன். இரட்டை எண்டு வந்தப்பவே திரும்ப எடுத்திருக்கோணும்."

"அத அழிச்சிர முடியாதா?"

"அறிக்கை போயிட்டு. அறுபது பிள்ளைகள் எண்டு அச்சும் ஆகிட்டு. அத விடுங்க. முதல்ல தாய்க்குச் சொல்லுங்க. இண்டைக்கே."

வெட்டின பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு ஆட்கள் திரும்புகிற நேரம் லயத்துக்குப் போனேன். பால் வாடை அடிக்கிற உடுப்பைக்கூட மாற்றாமல் விஜயகலா மகளை மடியில் வைத்துக்கொண்டு, ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். சரோனுக்கு மெல்லவும் தெம்பில்லை. நான் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று பயம். வராத பிள்ளைக்குப் பதிலாக நிரோஷாவை நிறுத்தியது, இரட்டையா என்று கேட்டபோது பொய் சொன்னது, தெரிந்துகொண்டே வாசித்தது, எல்லாம் சொன்னேன்.

எட்வின் வாசலில் அப்படியே குந்திவிட்டான். விஜயகலா கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மகளின் கையில் இருந்த ரொட்டித் துண்டைப் பிடுங்கினாள். வாய்க்குள் விரலை விட்டு மிச்சத்தையும் எடுத்தாள். சரோன் அழ ஆரம்பித்தாள்.

"பேப்பர்ல நான் சாப்புடலாம்னு இருக்குல்ல?"

"அது நீ இல்லம்மா" என்றாள் விஜயகலா. "அது நிரோஷா."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் சொன்னா அவரு நம்ப மாட்டாரு. உங்க வாயால சொல்லுங்க."

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். டாக்டரிடம் சிங்களத்தில் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது வேறு பிள்ளையினுடையதா என்று இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் ஆமாம் என்றேன். நர்ஸ் சரோனைப் பார்த்து "அனே பவ்" என்று பரிதாபப்பட்டாள். டாக்டர் அட்டையைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் தாளில் எழுதியிருந்த ஒரு வரியைக் குறுக்கே வெட்டினார். இன்றிலிருந்து மா சேர்ந்த எதுவும் வேண்டாம், கொழும்பில் ஒரு சோதனை செய்ய வேண்டும், இந்தத் தாய் சொன்னதைப் போன தடவையே கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார். என்னை ஏசவில்லை. ஏசுவதற்கு அவருக்கு நேரமில்லை. வெளியே இன்னும் முப்பது பேர் இருந்தார்கள்.

சரோனை வார்டில் சேர்த்துவிட்டு, துணி எடுத்து வருவதற்காக விஜயகலா என்னோடு பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது நானே வாயைக் கொடுத்தேன்.

"ரெண்டு அட்டையும் ஒண்ணாட்டம் இருக்குன்னு கம்பெனிக்காரங்களுக்கும் தெரிஞ்சிருக்கு விஜயா. தெரிஞ்சும் விட்டுட்டாங்க பாரு. அவங்கள என்னன்னு சொல்றது?"

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கம்பெனிய எனக்குத் தெரியாதுக்கா. நான் வாசிக்கச் சொன்னது உங்கள."