ஏழு நிமிட அம்மா

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் வசனம். வீடியோ கேம் தயாரிக்கிற கம்பெனியில் வசனம் எழுதுகிறவனை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? ஆறு வருடமாக அவன் எழுதியதையெல்லாம் கூட்டிப் பெருக்கினாலும் நாலு பக்கம் தேறாது. 'அங்கே பார்', 'குண்டு போடுறான், படு', 'அவனை விடாதே' என்று ஒரு ரகம். சாகிறவர்கள் சாகும்போது போடுகிற சத்தம் இன்னொரு ரகம். சத்தத்தையும் எழுதித்தான் கொடுக்க வேண்டும். காலில் பட்டால் 'ஆ', வயிற்றில் பட்டால் 'ஆஆ', மாடியிலிருந்து விழுந்தால் மூச்சு இருக்கிறவரை. இலக்கியத்தில் பட்டம் வாங்கிய மனுஷன், நாற்பத்து மூன்று வயதில், சாவுச் சத்தத்துக்குக் குறில் நெடில் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வயிறு எரிந்தது, வேறென்ன.

அந்த வருடம் அவர்கள் செய்துகொண்டிருந்த கேமில் நாயகன் ஒரு கேப்டன். இருபது மணி நேர ஆட்டத்தில் ஆயிரத்து நூறு பேரைச் சுடுவான். இதற்குத் தலைமை தாங்கியவரை எல்லோரும் டைரக்டர் என்பார்கள். பத்து வருடம் சினிமாவில் உதவி இயக்குநராகக் குடை பிடித்துப் பார்த்து, ஒரு படம்கூடக் கிடைக்காமல் இங்கே வந்து சேர்ந்தவர். அந்த ஆசை மட்டும் மனுஷனை விடவில்லை. "இது கேம் இல்ல, படம்" என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வார்.

ஒருநாள் அவரே வசனத்தின் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். "ஆயிரத்து நூறு பேரைச் சுட்டுட்டு வர்றான். எங்கேயாவது ஓரிடத்துல ஆடுறவனுக்கு நெஞ்சு கனக்கணும். விருது குடுக்கிறவங்க அதைத்தான் பாக்குறாங்க. அழ வைக்கிற மாதிரி ஒரு காட்சி எழுது."

காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி விழுந்தான் வசனம். மூன்றே நாளில் பதினோரு பக்கம். பாலத்தில் காவல் நின்ற ஒரு சிப்பாயைக் கேப்டன் காலையில் சுடுகிறான். மதியம் ஊருக்குள் நுழைந்தால், தெருக்கோடி வீட்டின் கதவு திறக்கிறது. நிற்பது அந்தச் சிப்பாயின் அம்மா. அவள் பேசுகிறாள். பிள்ளை பிறந்தது, பல் முளைத்தது, பட்டாளத்துக்குப் போனது, போரின் அர்த்தமின்மை, மன்னிப்பு, மனிதகுலம். மொத்தம் ஏழு நிமிடம். எழுதி முடித்துத் தானே படித்துத் தானே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

எழுதியதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பான். இரண்டு நிபந்தனையும் போட்டான். ஒன்று, இந்தக் காட்சியைத் தாண்டிப் போகிற பட்டன் இருக்கக் கூடாது. இரண்டு, அம்மா பேசும்போது துப்பாக்கி ஆடுகிறவன் கையிலேயே இருக்க வேண்டும், வேலையும் செய்ய வேண்டும். "சுடலாம். ஆனா சுட மாட்டான். விசையிலேருந்து விரலைத் தானா எடுப்பான் பாருங்க, அதுதான் சார் கலை" என்றான். டைரக்டர் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

கணினியில் அதை அமைத்துத் தர வேண்டிய புரோகிராமர் பெண் மட்டும் பேனாவை வைக்காமல் கேட்டாள். "அப்போ சுட்டா என்ன ஆகும்?"

"யாரும் சுட மாட்டாங்கம்மா" என்றான் வசனம்.

"சுட்டா?"

"சுட்டா அம்மா செத்துடுவாங்க, காட்சி முடிஞ்சிரும். ஒரு பேச்சுக்கு எழுதி வச்சுக்கோங்க."

அவளும் ஒரு பேச்சுக்கு எழுதி வைத்துக்கொண்டாள். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

அம்மாவாக நடிக்க ஆள் பிடிக்கப் போனால், அதற்கு ஒதுக்கிய பணத்தையும் பாலம் வெடிக்கிற காட்சி தின்றுவிட்டிருந்தது. வசனம் தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருப்பவள்; பெரிய ஆஸ்பத்திரியில், அவசரப் பிரிவில் ஹெட் நர்ஸ். டாக்டர்களே அவளிடம் வாயைக் கொடுக்க மாட்டார்கள். பதினோரு பக்கத்தையும் நின்றபடி புரட்டிப் பார்த்தாள்.

"ஏன்டா, பெத்தவ இவ்வளவு பேசுவாளா?"

"இது சினிமா மாதிரி அக்கா."

"ஓ, சினிமாவுல பேசுவா. சரி, கொண்டா."

நாலு நாள் லீவு போட்டாள். முகம் அசைவதைப் பதிவு செய்ய நெற்றியிலிருந்து தாடை வரை கறுப்புப் புள்ளிகள் ஒட்டினார்கள். "ஒத்தைப் பொட்டுக்கே கண்ணாடி பாக்க நேரமில்லாதவளுக்கு நூத்திருபது பொட்டு. உங்க அத்தான் பாத்தா மூர்ச்சை போட்டுடுவாரு" என்று சிரித்தாள். ஆனால் கேமரா ஓடியதும் ஒரு வார்த்தை பிசகவில்லை. கடைசியில், எதற்கும் இருக்கட்டும் என்று, சாகிற சத்தம் ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனாள். அவன் பட்டியலில் முதல் ரகம், வெறும் 'ஆ'.

மறுநாளே அவள் வார்டு முழுக்கத் தண்டோரா போட்டாகிவிட்டது. நர்ஸுகள், லிப்ட்காரர், காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். சொல்லாமல் விட்டது ஸ்ட்ரெச்சரிடம் மட்டும்தான்.

இரண்டு மாதம் கழித்து முதல் சோதனை. ஆடிப் பார்ப்பதற்கென்றே கம்பெனி பத்து இளைஞர்களை வைத்திருந்தது. அவர்கள் ஒரு அறையில் வரிசையாக உட்கார்ந்து ஆட, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டைரக்டரும் வசனமும். பத்துப் பேரில் ஒருவனுக்கு அவசரம் என்று பட்டப்பெயர். அவன்தான் முதலில் தெருக்கோடி வீட்டுக்கு வந்தான். கதவு திறந்தது. அக்கா தெரிந்தாள். "வாப்பா, உன்னைத்தான்" என்று ஆரம்பித்தாள். நாலாவது விநாடி அவசரம் சுட்டுவிட்டான்.

"அவன் எப்பவும் அப்படித்தான்" என்றார் டைரக்டர்.

இரண்டாமவன் பன்னிரண்டு விநாடி பொறுத்தான். மூன்றாமவன் எங்கெங்கோ அழுத்திப் பார்த்தான். தாண்டிப் போக வழி இல்லை என்று தெரிந்ததும் சுட்டான். ஒருவன் சுட்டுவிட்டுக் குனிந்து அவளிடம் தோட்டா ஏதாவது இருக்கிறதா என்று தேடினான். ஐம்பது விநாடி வரை ஒருவன் தாக்குப்பிடித்தபோது வசனத்துக்கு உயிர் வந்தது. எட்டிப் பார்த்தால், அவன் போனில் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தான். எழுதி முடித்துவிட்டுச் சுட்டான்.

பத்துக்குப் பத்து. கூடப்பிறந்தவள் பத்துத் தடவை 'ஆ' என்று சரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அழுகை வந்தது. டைரக்டர் எதிர்பார்த்த அழுகை அது இல்லை.

"அடுத்த மாசக் கடைசியில இன்னொரு டெஸ்ட்" என்றார் டைரக்டர். "அதுலயும் சுட்டாங்கன்னா காட்சியைத் தூக்கிடுவேன். ஆயிரத்து நூறு பேரைச் சுட்டா நம்மளை எவனும் கேக்க மாட்டான். ஒரு அம்மாவைச் சுட வச்சோம்னு சொன்னாங்கன்னா கடையைக் கட்டணும்."

ஆறு வருடத்தில் அவன் எழுதியது என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். அதுவும் போனால் திரும்ப 'ஆ'வும் 'ஆஆ'வும்தான். அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்பது தனிக் கவலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளே இறங்கி வந்துவிட்டாள். "வார்டுல எல்லாரும் எப்போ எப்போங்கிறாங்க. என் காட்சியைப் போடு."

"இன்னும் வேலை முடியல அக்கா."

"முடியாததையே போடு. என் மூஞ்சிதானே, எனக்குத் தெரியாதா?"

வேறு வழியில்லை. சோதனைக்கான பிரதி வீட்டில் இருந்தது. தெருக்கோடி வீட்டு வாசலில் கேப்டனைக் கொண்டுபோய் நிறுத்தி, ஆட்டக் கருவியை அவள் கையில் கொடுத்தான். அவள் ஒவ்வொரு பட்டனும் எதற்கு என்று ஊசிமருந்தைச் சரிபார்க்கிற மாதிரி கேட்டுத் தெரிந்துகொண்டாள். கதவு திறந்தது.

முதல் நிமிடம் முகமெல்லாம் பூரிப்பு. "பரவாயில்லையே, இந்தப் பக்கத்துலேருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கேன்." இரண்டாவது நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தாள். மூன்றாவது நிமிடத்தில் திரையில் இருந்த அக்கா மனிதகுலத்துக்கு வந்தபோது, சோபாவில் இருந்த அக்கா கேட்டாள். "இன்னும் எவ்வளவுடா இருக்கு?"

"நாலு நிமிஷம்."

"நாலா?" என்றாள். சுட்டாள்.

திரையில் அவள் 'ஆ' என்று சரிந்தாள். "அப்பாடா" என்று கருவியைக் கீழே வைத்தாள்.

வசனத்துக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "அந்தப் பத்துப் பேரும் இதையேதான் செஞ்சாங்க. அவங்க யாரோ எவரோ. உன் மூஞ்சியை நீயே சுடுவியா?"

"பத்துப் பேரும் என்னைச் சுட்டாங்களா?"

சொல்லியிருக்கக் கூடாது, சொல்லியாகிவிட்டது. கோபப்படுவாள் என்று பார்த்தான். படவில்லை.

"அவங்களைத் திட்டாதே. இருபத்தெட்டு வருஷமா, உள்ளே போனவங்க போயிட்டாங்கன்னு நான்தான் வெளியே வந்து சொல்றேன். பெத்தவ ஒருத்திகூட என்கிட்ட பதினோரு பக்கம் பேசினது இல்ல."

"பின்னே என்ன செய்வாங்க?"

"ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு. கத்துறவங்க உண்டு, அடிக்க வர்றவங்க உண்டு. ஒருத்தி, இருபது வயசுப் பையனோட அம்மா. சொன்னேன். சரிங்கன்னா. அவன் சட்டை அவ கையில இருந்துச்சு, பை கிழிஞ்சு தொங்குது. அதையே பாத்துட்டு, ஊசி நூல் இருக்குமான்னு கேட்டா."

"குடுத்தியா?"

"குடுத்தேன். பெஞ்சுல உக்காந்து தைச்சா. தைச்சு, நூலைப் பல்லால கடிச்சு, மடிச்சு வச்சுட்டுத்தான் உள்ளே வந்து பாத்தா."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்றான்.

"நீ கேட்டியா? எழுதி எடுத்துட்டுல்ல வந்தே" என்று சொல்லிவிட்டு, மாடியில் அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்த நினைவு வந்து ஓடினாள்.

திங்கட்கிழமை வசனம் பதினோரு பக்கத்தையும் கிழித்தான். புதுக் காட்சியில் கதவு திறக்கிறது. அம்மா கையில் ஒரு பட்டாளத்துச் சட்டை, தைத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து வந்திருக்கிறாள். கேப்டனைப் பார்க்கிறாள். துப்பாக்கியைப் பார்க்கிறாள். நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள். கதவைச் சாத்துகிறாள். பதினோரு விநாடி.

"வசனமே இல்லையேய்யா" என்றார் டைரக்டர். ஆனாலும் செலவு குறைவு என்பதால் தலையாட்டினார். அக்காவுக்கு இன்னொரு லீவு, இன்னொரு நூற்றிருபது பொட்டு. "மனப்பாடம் பண்ண வச்சுட்டுக் கடைசியில வாயைப் பிடுங்கிட்டான்னு வார்டுல சொல்லிட்டேன்" என்றாள். ஆனால் நூலைக் கடிக்கும்போது அவள் சிரிக்கவில்லை.

மாதக் கடைசியில் அதே பத்துப் பேர். யாரும் சுடவில்லை. இரண்டு பேருக்குச் சுட நேரமே கிடைக்கவில்லை என்று டைரக்டர் கணக்குச் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். சாத்திய கதவின் முன் எல்லோரும் கொஞ்சம் நின்றுவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். அவசரம் மட்டும் போகவில்லை.

கேமில் மூடிய கதவைத் திறக்க ஒரே வழி, உதைப்பது. அந்தப் பட்டனை அவன் தொடவில்லை. மற்றதையெல்லாம் அழுத்தினான். கேப்டன் மண்டியிட்டான், எழுந்தான். தோட்டாவை நிரப்பினான். துப்பாக்கியை மாற்றினான், கையில் பெரிய துப்பாக்கி வந்தது, அதைவிடப் பெரியது வந்தது, வெடிகுண்டு வந்தது, கத்தி வந்தது. அவன் அவசர அவசரமாகத் திரும்ப முதல் துப்பாக்கிக்கு வந்தான். வெறும் கை அந்த வரிசையில் இல்லை. கடைசியில் கேப்டனின் பார்வையைத் தரைக்குத் தாழ்த்தினான். பார்வை குனிந்தால் துப்பாக்கியும் குனியும், அது அப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தது. தன் பூட்ஸைப் பார்த்தபடி கேப்டன் அங்கேயே நின்றான். வசனம் கடிகாரத்தைப் பார்த்தான். ஏழு நிமிடத்துக்கு மேலேயே ஆகியிருந்தது.

மாலையில் குறைகளின் பட்டியல் வந்தது. அவசரம் ஒரே ஒரு குறை எழுதியிருந்தான். 'கதவைத் தட்ட வழியில்லை. துப்பாக்கியைக் கீழே வைக்கவும் வழியில்லை. சரிசெய்யவும்.'

"நியாயம்தானே, போட்டுடலாமே" என்றார் டைரக்டர்.

"கருவியில இடம் இல்ல சார். எல்லாப் பட்டனுக்கும் வேலை இருக்கு. ஏதாவது ஒண்ணை எடுத்தாத்தான் இதைப் போட முடியும்" என்றாள் புரோகிராமர். "எதை எடுக்கட்டும்?"

டைரக்டர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். சுடுவதை எடுக்க முடியாது. குண்டு வீசுவதை எடுத்தால் பாலம் வெடிக்காது. கத்தி விளம்பரத்திலேயே வந்துவிட்டது. உதைப்பது இல்லாவிட்டால் எந்தக் கதவும் திறக்காது. "எதையும் எடுக்க முடியாதும்மா" என்று, அந்தக் குறைக்கு எதிரே 'தேவையில்லை' என்று போட்டு மூடினார். காட்சி இருக்கும், விருதுக்கும் அனுப்பலாம் என்று வசனத்தின் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அவன் அக்காவுக்குப் போன் செய்தான். அவள் வார்டில் இருந்தாள்.

"காட்சி இருக்கு அக்கா. யாரும் சுடல."

"அப்போ என்ன செஞ்சாங்க?"

"நின்னாங்க. ஒருத்தன் ரொம்ப நேரம் நின்னான். கையில இருக்கிறதைக் கீழே வைக்கத் தெரியாம முழிச்சிட்டு இருந்தான்."

போனில் எங்கோ சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "எனக்கும் அப்படித்தான்டா. சொல்லி முடிச்சிட்டு எதிர்ல நிக்கும்போது, இந்தக் கையை எங்கே வைக்கிறதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. சரி வை, கூப்பிடுறாங்க."

வசனம் பட்டியலைத் திரும்பத் திறந்தான். 'தேவையில்லை' என்பதை அழித்தான். குறை சொன்னவர் என்ற இடத்தில், அவசரத்தின் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் சேர்த்தான்.