மஞ்சள் பல்பு

சுவரிலிருந்து உதிர்ந்த ஒரு பெயிண்ட் துண்டைக் காட்டினால் போதும், அதே நிறத்தை வாளியில் இறக்கிவிடுவான் அந்த பெயிண்ட் கடைக்காரன். அப்பேர்ப்பட்ட ஆள், கண்ணாடியில் மஞ்சளேறிய தன் கண்ணைப் பார்த்துவிட்டு, "தூக்கம் பத்தல, அதான்" என்று தனக்கே கதைவிட்டான். உடம்பெல்லாம் அரித்தது. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனது.

ஒன்றரை வருஷத்துக்கு முன், கடல் தாண்டி வாழும் அக்கா வந்து தன் ஈரலில் ஒரு பங்கை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். ஈரல் ஒட்டிக்கொண்டது. பித்தக் குழாயை இணைத்த இடம்தான் பிறகு சுருங்கிப்போனது. வாய்வழியாகக் கருவியை இறக்கி அங்கே வழி அடையாமலிருக்க ஸ்டென்ட் என்ற சின்ன பிளாஸ்டிக் குழலை வைத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; ஒரு வருஷத்தில் குழாய் விரிந்துவிட்டால் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

"எடுக்கிற அன்னிக்கு நான் அங்க இருப்பேன்டா" என்றாள் அக்கா. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பாவி நாளை ஓட்டினான். அக்காவை நேரில் பார்க்க வேண்டும், அவள் கையால் தலையில் ஒரு குட்டு வாங்க வேண்டும். இன்னும் பத்தொன்பதே நாள். இப்போது போய் அடைப்பு என்றால் மறுபடி முதலிலிருந்து எண்ணச் சொல்வார்களே!

அதற்கு அவன் செய்த கூத்தைக் கேளுங்கள். அக்காவோடு வீடியோவில் பேசும் அறையில் வெள்ளை விளக்கைக் கழற்றி மஞ்சள் பல்பு மாட்டினான். ஜன்னலையும் சாத்தினான். மஞ்சள் வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது என்பது அவன் தொழில் பாடம்.

ஞாயிறு மதியம் அக்கா அழைத்தாள்.

"சுவரு ஏன்டா இப்படி இருக்கு? நான் வந்தப்ப நீயே வெள்ளை அடிச்சதுதானே?"

"மாத்திட்டேன்கா."

"பட்டப்பகல்ல ஜன்னலைச் சாத்திட்டு பல்பு போட்டிருக்க. யாருக்குடா காது குத்துற? ஜன்னலைத் திற."

திறந்தான். அக்கா போனை முகத்தருகே கொண்டுவந்து அவன் கண்ணைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"பத்து நாளா. உன் ஈரல் நல்லாத்தான் இருக்குக்கா, வழிதான் அடைச்சிருக்கு. சொன்னா நீ வரமாட்டியோன்னு..." அழுதுவிட்டான்.

"அட மடையா! அந்தக் குழாயைப் பார்க்கவாடா நான் வரேன்?" அவளும் அழுதாள். "இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. போனை வைக்காத."

போனான். அடைத்திருந்த ஸ்டென்ட்டை மூன்றாம் நாள் மாற்றினார்கள். மயக்கம் தெளியும்போது தலையில் நங்கென்று ஒரு குட்டு விழுந்தது. கண்ணைத் திறக்காமலே "அக்கா" என்றான்.

அவளுக்கு நாலு நாள்தான் லீவு. அதை அவன் அப்போதே எண்ண ஆரம்பித்துவிட்டான்.