ஆறாம் நம்பரின் இடது முன்னங்கால்

மச்சினன் லாயத்துக்குள் நுழையும்போதே லாடக்காரருக்கு எரிச்சல் கிளம்பிவிட்டது. காலை ஏழு மணிக்கு ஒரு குதிரையின் பின்னங்காலைத் தொடைமேல் தாங்கி, வாயில் ஆணிகளைக் கவ்வி, இடுப்பு கழன்றுபோகிற மாதிரி குனிந்து நிற்கிறவனிடம் வந்து ரேஸ் புத்தகத்தை நீட்டுகிறவனை என்ன செய்வது? பெண்டாட்டியின் தம்பியாகப் போய்விட்டான். வேறு யாராவதாக இருந்தால் உதைக்கிற வேலையைக் குதிரையிடமே விட்டிருப்பார்.

மச்சினன் சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். பந்தய நாள் வந்துவிட்டால் தோளில் இருந்த மூட்டை இறங்கி, கையில் சிவப்புப் பேனா ஏறிவிடும். கிடங்கில் அவனுக்குப் பெயரே புரொபசர்தான்.

"மாமா, மூணாவது ரேஸு. ஒரே ஒரு சந்தேகம். கேட்டுட்டு ஓடிடறேன்."

வாயில் ஆணி இருந்ததால் லாடக்காரர் "ம்" என்று மட்டும் உறுமினார். அவன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

"ஆறாம் நம்பர், நம்ம லாயத்துச் செவலை. இங்க பாருங்க, ஏழு, அஞ்சு, நாலு, ரெண்டு. கடைசி நாலு ஓட்டத்துல வந்த இடம். படி ஏறுற மாதிரி ஏறுது. சுமக்கிற எடை போன தடவைய விட ரெண்டு கிலோ கம்மி. கிளம்புற இடம் மூணு, உள்பக்கம், வளைவுல தூரம் மிச்சம். ஓட்டுறவன் அதே ஆளு. சும்மா பேரைப் பாத்துப் பணம் கட்டுறவனெல்லாம் கேனப்பய, மாமா. புக்கைப் படிக்கணும்."

லாடக்காரர் ஆணிகளைக் கையில் துப்பினார். "நீ படிச்சுக் கிழிச்ச. போன மாசம் நீ படிச்ச குதிரை இன்னும் ஓடிக்கிட்டே இருக்காம், போய்க் கூட்டிட்டு வா."

"அது ஓட்டுனவன் தப்பு. இத விடுங்க. கடைசிக் கட்டம், லாடம். அலுமினியம்னு போட்டிருக்கு. காலுக்குக் கனமே தெரியாது. அதையும் சேத்துப் பாத்தா..."

"என்னன்னு போட்டிருக்கு?"

"அலுமினியம்."

லாடக்காரர் குதிரையின் காலைக் கீழே விட்டுப் புத்தகத்தைப் பிடுங்கினார். இரும்புத்தூள் அப்பிய கட்டைவிரலால் வரியைத் தடவிப் பார்த்தார். அலுமினியம்தான். நாலு நாளைக்கு முன்னால் அந்தச் செவலைப் பெண்குதிரைக்கு அவர் கையால் அடித்தது இரும்பு. இடது முன்னங்குளம்பின் வெளிச்சுவர் காய்ந்த மண்கட்டி போல உதிர்ந்துகொண்டிருந்தது. கெட்டியாக இருந்தது ஐந்தே இடம். கடையில் வருகிற அலுமினிய லாடத்தில் ஓட்டைகள் கம்பெனிக்காரன் போட்ட இடத்தில்தான் இருக்கும். அதனால் உலையில் இரும்பைக் காய்ச்சி, அந்த ஐந்து இடத்துக்கும் நேராக ஓட்டை போட்டு அடித்திருந்தார். டிரெய்னரிடமும் சொல்லியாயிற்று. அவரும் தலையாட்டியாயிற்று.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு டிரெய்னரின் அறைக்குப் போனார். டிரெய்னர் படித்துப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"குமாஸ்தா போன மாசம் குடுத்த ஃபாரத்தை அப்படியே பாத்து எழுதிட்டான் போல. சரி, மாத்திடு."

"எதை சார்?"

"லாடத்தை. இரும்பை எடுத்துட்டு அலுமினியம் அடி. மூணு மணிக்குத்தானே ரேஸு."

லாடக்காரர் வாய் வரைக்கும் வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டார்.

"சார், தப்பு தாள்ல இருக்கு. குளம்புல இல்ல. நடுவர் ரூம்ல ஒரு வார்த்தை சொன்னா மைக்ல அறிவிச்சுடுவாங்க."

"ஏற்கனவே ரெண்டு தடவை விவரம் தப்பாக் குடுத்து வாங்கிக் கட்டிக்கிட்டாச்சு. மூணாவதுன்னா என் லைசென்ஸை ஒரு மாசம் பிடிச்சு வெச்சிடுவாங்க. அத்தனை பேர் கையில இருக்கிற புக்கை மாத்த முடியுமா? அஞ்சு ஆணியை மாத்த முடியாதா?"

"புது ஆணி இறங்குனா சுவர் பொளந்துரும் சார். ஓடுறப்ப லாடம் பிச்சுக்கிட்டுப் போகும், பாதிக் குளம்பும் கூடவே போகும். அப்புறம் அதுக்கு ஓட்டம் கிடையாது. ஊசி போட்டுக் கொல்லத்தான்."

"நீ அடிக்கலன்னா வேற ஆளைக் கூப்பிடறேன்."

கூப்பிடுவார். எதிர்லாயத்துக்காரன் கூலி கொடுத்தால் நாற்காலிக்குக்கூட லாடம் அடிப்பான். லாடக்காரர் புத்தகத்தை மச்சினனிடம் எறிந்துவிட்டுச் செவலையின் கொட்டடிக்குப் போனார். குதிரையைப் பார்த்துக்கொள்ளும் பெண் அதன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, நான் திரும்பி வர்ற வரைக்கும் யாரையும் இது காலைத் தொட விடாத."

"டிரெய்னர் வந்தாருன்னா?"

"கடிக்குதுன்னு சொல்லு."

"கடிக்கவும் செய்யுமே அண்ணே" என்று அவள் கதவுக்குக் குறுக்கே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நடுவர் அறையில் தோல் ஏப்ரனோடு நின்றவரை மூன்று பேர் ஏற இறங்கப் பார்த்தார்கள். என்ன லாடம், எந்தத் தேதியில், யார் அடித்தது என்று கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். "டிரெய்னர் அனுப்பினாரா?" என்றார் ஒருவர். "இல்லைங்க, நானாத்தான் வந்தேன்" என்றார். அந்த லாயத்தில் பதினோரு வருஷ வேலை.

இரண்டே முக்காலுக்கு ஒலிபெருக்கி சொன்னது: ஆறாம் நம்பர் இரும்பு லாடத்துடன் ஓடும். கம்பி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மச்சினனின் குரல் வந்தது.

"ஏன் மாமா, இதைக் காலையிலயே சொல்லியிருந்தா என்ன? புக்குல நாலு பக்கம் கணக்குப் போட்டு வெச்சிருக்கேன்! சொந்த வீட்டுக்குள்ளயே இப்படி ஒரு ஆளு இருந்தா எவன் உருப்படுவான்?"

"காலைலயே எனக்குச் சொன்னது யாருடா? நீதான்டா சொன்ன!"

அவன் அதைக் காதிலேயே வாங்கவில்லை. பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

செவலை ஐந்தாவதாக வந்தது. லாடக்காரர் எந்தக் குதிரை ஜெயித்தது என்று பார்க்கவில்லை. ஓட்டினவன் குதிரையை விட்டு இறங்குகிற இடத்தில் மண்டியிட்டு, இடது முன்னங்காலைத் தூக்கிச் சேற்றை வழித்தார். ஐந்து ஆணியும் இருந்தன. குளம்புச் சுவரில் புதுவிரிசல் ஒன்றுகூட இல்லை.

பின்னால் டிரெய்னர் வந்து நின்றார். முகம் சுண்டியிருந்தது. "நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

"வரல சார். இன்னும் ரெண்டு வாரத்துக்கு இந்தக் கால்ல எவனையும் ஆணி வைக்க விடாதீங்க."

டிரெய்னர் திரும்பி நடந்தார். குதிரையைப் பிடித்திருந்த பெண்ணிடம் லாடக்காரர் அதையே இன்னொரு முறை சொன்னார். சொன்னது பதிந்ததா என்று அவளைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் காலைக் கீழே வைத்தார்.