உயிரோடிருப்பவளின் வீடு

"வீட்டை எழுதிக் குடுத்திட்டா உனக்கும் ஒரு பாரம் குறையும், பிள்ளை," என்றார் இரத்தினசிங்கம். அவர் யோசனை கேட்கவில்லை, முடிவைச் சொன்னார்.

செல்வநாயகி அவர் முன்னால் தேநீரை வைத்துவிட்டுக் குசினி வாசலிலேயே நின்றாள். அவர் அவளுடைய இறந்துபோன கணவன் குலசிங்கத்தின் அண்ணன்.

புலம்பெயர்ந்து வந்து ஹில்ஸ்பரோவில் வாங்கிய அந்த வீட்டின் மோர்ட்கேஜ் கடனைக் கணவனும் அவளுமாகத்தான் கட்டி முடித்தார்கள். குலசிங்கம் டாக்சி ஓட்டினார். அவள் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். போன மாரியில் அவர் மாரடைப்பில் போனார். அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு, இரத்தினசிங்கத்தின் மனைவி அவளுடைய உடுப்புகளைப் பின்னறைக்கு மாற்றினாள். தாலி கழற்றியவள் முன்னறையில் படுத்தால் மகளுக்கு நல்ல இடம் அமையாதாம். செல்வநாயகி பின்னறையிலேயே படுத்தாள்.

அதன்பின் முன்னறையில் யாரும் படுக்கவில்லை. ஆனாலும் விடியப்புறங்களில் அங்கே குலசிங்கத்தின் இருமல் கேட்கும். நடையில் செருப்புச் சத்தம் தேய்ந்து போகும். தன் வீட்டில் விருந்தாளிபோல அவள் மெல்ல நடமாடினாள்.

இப்போது மகள் பிரணவிக்குப் பிருந்தன் என்ற பொடியனைப் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் தகப்பன் கேட்ட சீதனம் தெளிவானது. குத்தகைக் காணியில் நிற்கும் வீடு வேண்டாம். ஃப்ரீஹோல்ட் வீடு வேண்டும். செல்வநாயகியின் வீடு அப்படிப்பட்டது. இந்தச் சீதனப் பேச்சு பிரணவிக்குத் தெரியாது.

மறுநாள் காலை இரத்தினசிங்கம் அவளை லோயரிடம் கூட்டிப்போனார். லோயர் நிசாந்தினி அவரை வெளியே இருக்கச் சொன்னாள். சொத்தைக் கொடுப்பவருடன் தனியே பேசவேண்டும் என்றாள்.

உள்ளே செல்வநாயகி தயங்கித் தயங்கிக் கேட்டாள். வீடு இன்னும் புருஷன் பேரில்தானே இருக்கிறது, தன் கையெழுத்து எப்படிச் செல்லும்?

"ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கின வீடு, அன்ரி. இந்த வகை உரிமையில ஒராள் போனா உயிரோட இருக்கிறவருக்கு முழுக்கச் சேரும். அவற்ற மூச்சு நிண்ட நிமிசமே அது உங்கட வீடு."

செல்வநாயகிக்கு அந்த நிமிடம் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் யாரோ அவளுடைய நெற்றியில் பொட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள், அழிப்பதற்கு.

ஃப்ரீஹோல்ட் என்றால் என்னவென்று கேட்டாள். நிசாந்தினி பொறுமையாகச் சொன்னாள். பழைய இங்கிலாந்தில் நிலமெல்லாம் அரசனுடையது. பிரபுவின் வயலில் அடிமைபோல உழைத்தவனை நினைத்த நேரம் காணியை விட்டு எழுப்பிவிடலாம். சுதந்திர மனிதன் வைத்திருந்த காணிதான் ஃப்ரீஹோல்ட். அவனை அப்படி எழுப்ப முடியாது. ஆனால் கலியாணம் கட்டிய பெண்ணின் காணி புருஷன் கைக்குப் போய்விடும். அவன் செத்தால்தான் அவள் கைக்குத் திரும்பும்.

ஊரில், கோண்டாவிலில், செல்வநாயகிக்குச் சீதனமாக ஒரு காணி இருந்தது. உறுதிப் பத்திரம் அவள் பேரில். ஆனால் அதை விற்பதென்று முடிவெடுத்தவர் குலசிங்கம். அவளுக்கு ஒப்பம் வைக்கிற வேலை மட்டும்.

எழுந்து வெளியே போனாள்.

"அண்ணை, கலியாணத்தில பிள்ளைக்கு நான் ஆலாத்தி எடுக்கலாமோ?"

இரத்தினசிங்கம் சங்கடப்பட்டார். "உனக்குத் தெரியாததே? நல்ல காரியம். நீ முன்னுக்கு நிக்கிறது சரிவராது."

"அப்ப இந்தக் கையால எழுதித் தாற வீடு மட்டும் சரிவருமோ?"

அவர் எழுந்தார். மாப்பிள்ளை வீட்டார் இனி வரமாட்டார்கள், பிள்ளையின் வாழ்வை அவளே கெடுக்கிறாள் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் பிரணவிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் மகள் அழுதாள். "அவங்கள் வராட்டிப் போகட்டும். டோன்ட் சைன் இட், அம்மா."

செல்வநாயகி திரும்ப உள்ளே போனாள். வீட்டை எழுதிக் கொடுக்கும் தாளை நிசாந்தினி ஒதுக்கிவைத்தாள். இறந்தவர் பெயரை எடுத்துவிட்டு செல்வநாயகியின் பெயரை மட்டும் பதியும் தாளை நீட்டினாள்.

பேனையைத் தொட்டதும் முதுகு குளிர்ந்தது. கதிரைக்குப் பின்னால் குலசிங்கம் நிற்கிறார். அவருடைய மூச்சு பிடரியில் படுகிறது. என்னைக் கேளாமல் செய்கிறாயோ என்கிறார். திரும்பினால் எழுதமுடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஓம், கேளாமத்தான்," என்றாள் மெல்ல.

நிசாந்தினி நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் செல்வநாயகி கையெழுத்து வைத்திருந்தாள்.