டிவி அத்தை

எங்கள் கடைத்தெருவுக்கென்று ஒரு டிவி வந்ததே ஒரு பேரம் படியாமல் போனதால்தான். பெரிய சானலில் விளம்பரம் கொடுக்கலாம் என்று வியாபாரிகள் சங்கத்திலிருந்து நாலு பேர் போனார்கள். அங்கே சொன்ன விலையைக் கேட்டு, கொடுத்த டீயைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு இறங்கி வந்தார்கள். திரும்பும் வழியில் என் அத்தான், அதாவது என் அக்காவின் வீட்டுக்காரர், சங்கத்தின் தலைவர், நடுரோட்டில் நின்று சொன்னார்: "அந்த விலைக்கு நாமளே ஒரு டிவி ஆரம்பிச்சிரலாம்யா."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் எங்கள் ஆட்கள் கோபத்தில் சொன்னதைக்கூடக் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். போட்டார்கள். கட்டுபடியானது.

ஜவுளிக்கடை மாடியில் ஒரு அறை. கல்யாண வீடியோக்காரர் கழித்துப்போட்ட கேமரா ஒன்று. வெளிச் சத்தம் வராமலிருக்கச் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டோம். ஜவுளிக்கடைக்காரர் கடனாகக் கொடுத்த கம்பளி. குளிர் வந்ததும் மனுஷன் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டுபோய் விற்றுவிட்டார். அந்தக் குளிர் முடியும்வரை நாங்கள் பேசியதெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

ஆரம்பத்தில் எங்களைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. தொலைந்த சாவி, காணாமல் போன பூனை, நாளைக்குக் கரண்ட் கிடையாது, இவ்வளவுதான் எங்கள் செய்தி. நகரசபைக் கூட்டத்தை முழுசாகக் காட்டத் தொடங்கிய பிறகு, அங்கே வழக்கமாகத் தூங்கும் மெம்பர்கள் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டு விழித்துக்கொண்டார்கள். அப்புறம் ஆற்றில் தண்ணீர் ஏறியது. பெரிய சானல்களில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது எங்கள் டிவியைப் பார்த்துத்தான் கீழ்த்தெருக்காரர்கள் சாமான்களை மாடிக்கு ஏற்றினார்கள். அதோடு சிரிப்பு நின்றது. கேபிள் எங்கள் தெருவைத் தாண்டி, மார்க்கெட்டைத் தாண்டி, கடைசியில் பாலத்தையும் தாண்டிப் புதுக் குடியிருப்புகள் வரைக்கும் போனது. கேபிள் இழுக்கிறவனுக்கு எப்போதும் தோளில் ஏணி. அதனால் பெயரும் ஏணி.

போன், சத்தம், விளம்பரம் மூன்றும் என் பொறுப்பு. ஆனால் ஊருக்கு எங்கள் டிவி என்றால் அக்காதான். சாயங்காலம் ஒரு மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற போனையெல்லாம் நேரலையில் எடுத்துப் பேசுவாள். குழாயில் தண்ணீர் வரவில்லை, பையனுக்கு டியூஷன் வேண்டும், மாமியார் பேசமாட்டேனென்கிறார், எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் உண்டு. பிள்ளைகள் தெருவில் கண்டால் "டிவி அத்தை!" என்று கத்திவிட்டு ஓடும்.

இரண்டு விஷயத்தில் அவள் கறார். போன் செய்கிறவர்கள் டிவியைச் சத்தமாக வைத்திருந்தால், எங்கள் சத்தமே அவர்கள் வீட்டு டிவி வழியாகப் போய், போன் வழியாகத் திரும்பி வந்து ஊளையிடும். "மொதல்ல டிவி சத்தத்தைக் கொறைங்க" என்பாள். போன் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் ஊர் ரசிக்கிற மாதிரி ஒன்று சொல்லிக் கட் பண்ணுவாள்.

அவள் இந்த நாற்காலிக்கு வந்த கதை வேறு. அவளுக்கு ஒரே பெண். சின்ன வயசிலிருந்தே இளைப்பு. மூச்சை விடும்போது கடைசியில் மெல்லிசாக ஒரு சீட்டி கேட்கும். நான் வைத்த பெயர் விசில். அந்தச் சீட்டியைக் கேட்டுக்கொண்டே அக்கா விழித்திருந்த இரவுகளை அவள்தான் எண்ணவேண்டும். அத்தானுக்கு எலக்ட்ரிக் சாமான் கடை. அங்கே டிவி ரிப்பேர் பார்த்த பையனையே விசில் கட்டிக்கொண்டு வந்து, கடை வாசலில் நின்றாள். கடை நிறைய ஆள். அத்தான் வாயைத் திறந்து திட்டவில்லை. 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது' என்று கல்லாவுக்கு மேலே எழுதியிருந்த பலகையைக் கையால் காட்டினார்.

"படிச்சிருக்கல்ல? கெளம்பு."

அவள் போய்விட்டாள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பிறகு ஒரு நாள் மாடியேறி வந்து, "எனக்கு ஏதாவது பேசற வேலை குடுடா, வீட்ல பேச ஆள் இல்ல" என்றாள்.

பாலத்தைத் தாண்டிக் கேபிள் போன கொஞ்ச நாளில் பேசாத போன் ஒன்று வர ஆரம்பித்தது. முதல் தடவை அக்கா, "கடைக்கு வந்துட்டு வெலையும் கேக்காம நின்னா எப்படி? நகருங்க, பின்னாடி ஆள் நிக்குது" என்று கட் பண்ணினாள். ஊர் சிரித்தது. அடுத்த வாரமும் வந்தது. அப்போதும் அதே கிண்டல்.

மூன்றாம் தடவை அவள் வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்தினாள். எனக்கும் ஹெட்போனில் கேட்டது. பேச்சு இல்லை, பின்னால் எங்கள் நிகழ்ச்சியே மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு மூச்சு. மூச்சின் கடைசியில் ஒரு சீட்டி.

நிகழ்ச்சி முடிந்ததும் அக்கா எழுந்திருக்கவில்லை.

"பின்னாடி நம்ம டிவிதானடா ஓடுச்சு?"

"ஆமாக்கா."

"அப்ப நம்ம கேபிள் போற எடத்துலதான் இருக்கா. இத்தனை வருஷமா நான் எங்கயோ கண்காணாத ஊர்ல இருக்கான்னு நெனச்சுட்டு இருந்தேன்." போனைத் தொட்டுப் பார்த்து, "ரெண்டு தடவ நகருன்னு சொல்லிட்டேன்டா" என்றாள்.

"ஏணிகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பாலத்துக்கு அந்தப் பக்கம் எந்தெந்த வீட்ல கனெக்‌ஷன் இருக்குன்னு அவனுக்கு மனப்பாடம்."

"ஒண்ணும் வேணாம். அவளா இவ்ளோ தூரம் வந்திருக்கா. நீ போய்க் கதவத் தட்டுனா திரும்ப ஓடிருவா. உன் யாவார புத்திய இதுல காட்டாத."

அன்றிலிருந்து அந்தப் போனை அவள் கட் பண்ணவில்லை. திறந்தபடி வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துப் பொதுவாக எதையாவது பேசுவாள். பனி அதிகமாக இருக்கிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள் என்பாள். தூசி தட்டும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொல்வாள். மருந்து தீர்வதற்கு முன்பே வாங்கி வையுங்கள் என்பாள். ஊருக்கே சொல்வதுபோலத்தான் இருக்கும். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும்.

விளம்பரம் கொடுத்தவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "என்னப்பா, உங்கக்கா போனை எடுத்து வெச்சுட்டு செவுத்தோட பேசுது? என் விளம்பரம் எப்ப வரும்?" என்று கேட்டார் பாத்திரக்கடைக்காரர்.

"செவுத்துக்கும் பாத்திரம் வேணும்ணே, இருங்க வரும்" என்றேன்.

ஒரு சாயங்காலம் அந்தப் போனில் ஊளை பலமாகக் கேட்டது. யாரோ டிவியைச் சத்தமாக வைத்துவிட்டிருக்கிறார்கள். அக்கா பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டாள்:

"டிவி சத்தத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்கம்மா."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. போன் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அந்தப் பக்கம் சத்தம் குறைந்தது. வீட்டை விட்டுப் போன பிறகு அம்மா சொல்லி அவள் கேட்ட முதல் விஷயம் அதுதான். அக்காவின் கண் நிறைந்துவிட்டது. கேமராக்காரன் சமயோசிதமாக மேஜையிலிருந்த பூச்சாடியைக் காட்டினான்.

அப்போது போனில் ஒரு குழந்தைக் குரல் கேட்டது. "ஏம்மா கொறைச்ச? டிவி அத்தைகிட்டயா பேசற?"

ஊர் முழுக்கக் கேட்டது. அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தன் பேரக்குழந்தை என்று ஒன்று இருப்பதே அந்த நொடியில்தான் அவளுக்குத் தெரியும். அதற்கு இவள் யாரென்று தெரியாது.

"ஆமா கண்ணு" என்றாள் அக்கா. "அத்தைதான் பேசறேன். சாப்டியா?"

"சாப்டேன்."

"சமத்து. அம்மாவ நல்லாப் பாத்துக்க."

போன் வைக்கப்பட்டது.

அத்தானின் கடையில் விற்பனைக்கு வைத்த டிவிகள் சுவர் முழுக்க இருக்கும். எல்லாவற்றிலும் எங்கள் நிகழ்ச்சிதான் ஓடும். எல்லாவற்றிலுமிருந்தும் அந்தக் குழந்தையின் குரல் ஒரே நேரத்தில் கேட்டிருக்கிறது. அத்தானுக்கும் காது உண்டு. அந்தச் சீட்டிக்காக மகளை டாக்டர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான்.

அடுத்த வாரம் அவரே மாடியேறி வந்தார். சட்டை புதுசு. முகத்தில் சவரம். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அக்கா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். தலைவரை எழுந்திருக்கச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. அக்கா அவர் காதில் மெதுவாக, "நீங்க எதுவும் பேசாதீங்க, சும்மா இருந்தாப் போதும், அவ பாக்கட்டும்" என்றாள்.

போன் வந்தது. மூச்சு கேட்டது. அத்தான் முன்னால் குனிந்தார். போனைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். மனுஷன் மனசாரத்தான் வந்திருந்தார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க அவருக்குத் தெரிந்தது ஒரே பாஷை.

"அப்பாதாம்மா. நடந்தது நடந்துபோச்சு. நீ வந்துரு. புள்ளையையும் கூட்டிட்டு வா. மாடி வீடு காலியாத்தான் இருக்கு, எழுதித் தரேன். அவன் மட்டும் இப்போதைக்கு வேணாம். அவன் விஷயத்தைப் பின்னால பேசி முடிச்சுக்கலாம்."

என் கை பட்டனுக்குப் போவதற்குள் எல்லாம் ஒளிபரப்பாகிவிட்டது. அந்தப் பக்கம் மூச்சு ஒரு தடவை நின்றது. பிறகு லைன் இல்லை.

அக்கா அவரைத் திட்டவில்லை. அழவும் இல்லை. அடுத்த போனை எடுத்தாள். யாரோ தெருவிளக்கு எரியவில்லை என்றார்கள். எந்தத் தெரு என்று கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தான் அவள் பக்கத்தில், கேமராவைப் பார்த்தபடி, நிகழ்ச்சி முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் போன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பிறகு ஒரு நாள் ஏணி ஒரு கேபிள் பெட்டியோடு ஆபீசுக்கு வந்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறார்களாம். கையோடு பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"அக்கம்பக்கத்துல எல்லாம் வந்து வந்து கேட்டாங்களாம்ணே, டிவில வந்தது நீங்கதானான்னு. அந்தக்காவுக்கு ஒரே இளைப்பு. வண்டில சாமான் ஏத்திட்டு இருந்தாங்க. புள்ள மட்டும் என்கிட்ட, 'போற ஊர்ல டிவி அத்தை வருவாங்களா?'ன்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டாள் அக்கா.

"வராதுன்னுதான்க்கா சொன்னேன். நம்ம கேபிள் அவ்ளோ தூரம் போகாதுல்ல."

"எந்த ஊர்னு கேக்கலையா?"

"கேட்டேன். தூரம்னு மட்டும் சொன்னாங்க."

வாசலில் அத்தான் நின்றுகொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. உள்ளே வந்து பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒரு ஸ்க்ரூ வாங்கினாலும் விலை குறைத்துத்தான் வாங்குகிற மனுஷன், ஏணியிடம் திரும்பினார்.

"கேபிளை இழுத்துரலாம்யா. எவ்ளோ தூரமா இருந்தாலும் பரவால்ல. என்ன வெல கேட்டாலும் நான் தரேன்."

ஏணிக்கு ஒன்றும் புரியவில்லை. தோளிலிருந்த ஏணியை இறக்கி வைத்துவிட்டு, வேலைக்காரன் கேட்கவேண்டியதைக் கேட்டான்:

"இழுத்துரலாம்ணே. எந்தப் பக்கம் இழுக்கட்டும்?"